படகுக் கூலியும் குடும்பக் கணக்கும்

விலைவாசி உயர்வு என்று பேச்செடுத்தால் நம் இல்லங்களில் முதலில் எழுவது அரிசியின் பெயர், அடுத்தது எண்ணெய், அதற்கடுத்தது வீட்டு வாடகை. இம்மூன்றுக்கும் நாம் கணக்கு வைத்திருக்கிறோம். மாதத் தொடக்கத்தில் சம்பளம் கைக்கு வந்ததும் இவற்றுக்குரிய தொகையைத் தனியே எடுத்து வைக்காத இல்லத்தரசி இல்லை. ஆனால், காலையிலும் மாலையிலும் பஸ்ஸுக்கும் படகுக்கும் ஆட்டோவுக்குமாக நம் கையை விட்டுப் போகும் காசுக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் கணக்கே இருப்பதில்லை. அது சில்லறையாகப் போகிறது. ஆகவே சில்லறைச் செலவு என்று எண்ணிவிடுகிறோம். மாதக் கடைசியில், "பணமெல்லாம் எங்கே போயிற்று?" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்போது இருவருக்கும் விடை தெரிவதில்லை.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு காயலைக் கடந்து பிழைக்கும் நமக்கு இப்பழமொழி நேராகவே பொருந்தும். நாள்தோறும் நாம் நீரிலும் சாலையிலும் போடும் காசு எவ்வளவு, அதில் எவ்வளவு தவிர்க்கக்கூடியது, எவ்வளவு தவிர்க்க முடியாதது என்பதை அன்பர்கள் சற்றே அளந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர் சூழ்ந்த ஊர்

கொச்சி, நீரால் பிரிந்தும் நீராலேயே இணைந்தும் வாழும் ஊர். மட்டாஞ்சேரி ஒரு கரை, எர்ணாகுளம் மறுகரை, இடையில் வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் துறைமுகப் பொறியாளரின் காலத்தில், காயலை ஆழப்படுத்தியபோது எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. கடல்வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டித் திறந்த பின்னர், 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. துறைமுகத்தோடு பாலங்களும் வந்தன. அதற்கு முன்பு மட்டாஞ்சேரியின் மிளகும் சுக்கும் ஏலமும் வள்ளத்தில் போயின. மனிதரும் வள்ளத்திலேயே போயினர். பஜார் ரோட்டுப் பழைய பண்டகசாலைகள் ஒரு வாயிலைத் தெருவுக்கும் மறுவாயிலைக் காயலுக்கும் வைத்துக் கட்டப்பட்டிருப்பது அக்காலத்தின் அடையாளம்.

இன்றும் நீர்வழியே குறுக்கு வழி. நிலவழி சுற்று வழி. படகுத்துறையில் நின்றால் அக்கரை கண்ணெதிரே தெரியும். பஸ்ஸில் ஏறினாலோ தோப்பும்படி வழியாகப் பாலங்களைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் போக வேண்டும். 2001-இல் திறக்கப்பட்ட மட்டாஞ்சேரிப் புதிய பாலத்தைக் கடக்க வண்டிகள் சுங்கம் கட்டி வந்தன. 2014-இல்தான் அச்சுமை நீங்கியது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையோ மண் படிந்து, ஆண்டுக்கணக்கில் படகு காணாமல் கிடந்ததும் உண்டு. குறுக்கு வழி அடைபட்ட அந்நாளில் சுற்று வழியின் செலவை ஏற்றவர்கள் வண்டி வாங்க வசதியற்ற எளிய மக்களே.

இவ்வூரில் நம்மவர் பலவகைத் தொழிலில் இருக்கின்றனர். ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், 1976-இல் கட்டப்பட்ட தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பங்கள் உண்டு. வாத்துருத்தியில் தங்கிக் கட்டட வேலைக்கும் சுமைவேலைக்கும் செல்லும் தொழிலாளர் உண்டு. கடைச் சிப்பந்திகள், வீட்டுவேலை செய்யும் பெண்மக்கள், அலுவலக உத்தியோகஸ்தர் என இன்னும் பலர் உண்டு. தொழில் எதுவாயினும் காலையில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது என்பது பலருக்கும் பொதுவான நிலை.

ஏறும் விலையும் தாவும் கட்டணமும்

பிரயாணச் செலவு ஏன் ஏறுகிறது என்பதையும் சிறிது அறிந்துகொள்வது நலம். முன்பு பெட்ரோல், டீசல் விலையை அரசாங்கமே கட்டுப்படுத்தி வந்தது. 2010 ஜூன் மாதத்தில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபரில் டீசலுக்கும் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை நாடெங்கும் வந்தது. 2021-இல் கேரளத்தில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைக் கடந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், சமூகப் பாதுகாப்புச் செலவுக்கென்று மாநில அரசு லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாக விதித்தது.

எண்ணெய் விலை நாள்தோறும் ஊர்ந்து ஏறும். பஸ் கட்டணமோ சில ஆண்டுகள் பொறுத்திருந்து ஒரே தாவாகத் தாவும். 2018-இல் 8 ரூபாயாக்கப்பட்ட குறைந்தபட்ச பஸ் கட்டணம் 2022 மே மாதத்தில் 10 ரூபாயாயிற்று. முதல் இரண்டரைக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். அதற்குமேல் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் என்பது அப்போது வகுத்த கணக்கு. ஆட்டோவுக்கு முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்றும் அப்போதே நிர்ணயித்தனர். கட்டணம் தாவுகின்ற அதே நாளில் நம் சம்பளமும் தாவுவதில்லை. ஆகையால், ஏற்றம் வந்த பின் திகைப்பதைவிட, அது வரும் என்று முன்னரே எண்ணிக் கணக்கைச் சீர்செய்வதே அறிவுடைமை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேற்சொன்ன 2022 மே மாதக் கட்டணத்தையே வைத்துக்கொண்டு, மாதம் 26 நாள் வேலைக்குச் செல்லும் ஒருவரின் கணக்கைப் போடுவோம். 10 கிலோமீட்டர் பஸ்ஸில் செல்ல ஏறக்குறைய 18 ரூபாய். போக வர 36 ரூபாய். மாதத்திற்கு 936 ரூபாய்.

அவரே படகில் சென்றால்? அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் எர்ணாகுளம்–ஃபோர்ட் கொச்சிப் படகுக்கு 2023-இல் 6 ரூபாய் வாங்கினர். போக வர 12 ரூபாய். மாதத்திற்கு 312 ரூபாய். பஸ்ஸைவிட 624 ரூபாய் மிச்சம். இதுவரை மகிழ்ச்சியே.

ஆனால், படகிறங்கிய இடத்திலிருந்து வேலைத்தலம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கிறது, வெயிலாயிருக்கிறது, நேரமாகிவிட்டது, ஓர் ஆட்டோவை அழைக்கிறார். 30 ரூபாய். மாலையிலும் அவ்வாறே. மாதத்திற்கு 1,560 ரூபாய். படகுக் கூலியோடு சேர்த்தால் 1,872 ரூபாய். அதாவது, மலிவென்று படகில் போனவர் பஸ்ஸில் போனவரைவிடச் சரியாக இரு மடங்கு செலவழித்திருக்கிறார்! நெடுவழியில் மிச்சப்படுத்தியதைக் குறுவழியில் தொலைப்பது நம்மில் பலர் அறியாமலே செய்யும் செயல். மூவர் சேர்ந்து ஓர் ஆட்டோவில் சென்றால் ஆளுக்கு மாதம் 520 ரூபாய். காலாற நடந்தால் இருபது நிமிடம், செலவு இல்லை. உடல்நலம் இடந்தரும் நாட்களில் நடப்பதும், மழையிலும் நோயிலும் பங்கிட்டுச் செல்வதும் நடுவழி.

இன்னொரு கண்ணி, பஸ் மாறி ஏறுவது. 5 கிலோமீட்டரை ஒரே பஸ்ஸில் சென்றால் ஏறக்குறைய 13 ரூபாய். அதே தூரத்தைப் பாதி வழியில் இறங்கி வேறு பஸ் பிடித்துச் சென்றால் 20 ரூபாய். ஏனெனில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகப் பிறக்கிறது. போக வர நாளுக்கு 14 ரூபாய் வேறுபாடு. மாதத்திற்கு 364 ரூபாய். பத்து நிமிடம் காத்திருந்து நேராகச் செல்லும் பஸ்ஸைப் பிடிப்பவர் அந்தப் பத்து நிமிடத்திற்கும் கூலி பெறுகிறார்.

சொந்த வண்டி வைத்திருப்போர் கணக்கு வேறு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் நாளுக்கு 20 கிலோமீட்டர் செல்பவருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றே கொண்டாலும், மாதம் 1,040 ரூபாய் எண்ணெய்க்கு மட்டும் ஆகும். கணவனும் மனைவியும் ஒரே திசையில் வேலைக்குச் சென்றால் இருவர் பஸ் செலவைவிட இது குறைவே, மறுப்பதற்கில்லை. தனி ஒருவருக்கு அவ்வாறில்லை. மேலும் காப்பீடு, டயர், பழுதுபார்ப்பு ஆகியவை கணக்கில் வராமல் பின்னே நிற்கின்றன. கடனில் வாங்கிய வண்டியாயின், அது ஓடாத நாளிலும் தவணை ஓடும்.

புதிதாக வந்திருக்கும் நீர் மெட்ரோவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான மின்படகுகளைக் கொண்டு 2023 ஏப்ரல் 25 அன்று இது தொடங்கி வைக்கப்பட்டது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் அதன் நிலையங்கள் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் அறிவித்த கட்டணம் ஒரு பயணத்திற்கு 20 ரூபாய் முதல் 40 ரூபாய் வரை. 50 பயணங்களுக்கான மாதச் சீட்டு 600 ரூபாய். அதாவது பயணத்திற்கு 12 ரூபாய். 20 ரூபாய்த் தடத்தில் நாள்தோறும் போய் வருபவருக்கு 15 நாளிலேயே 600 ரூபாய் ஆகிவிடும் என்பதால், மாதச் சீட்டு அவருக்கு லாபம். ஆனால், மாதத்தில் 12 நாள் மட்டுமே வேலை கிடைக்கும் கூலித்தொழிலாளி அதே சீட்டை வாங்கினால் நஷ்டம். சலுகை என்ற பெயரைக் கேட்டவுடன் வாங்கிவிடாமல், தம் வேலை நாட்களை எண்ணிய பின்னரே வாங்க வேண்டும். எந்தத் தடத்துக்கு, எத்தனை நாளுக்கு அது செல்லும் என்பதையும் நிலையத்தில் கேட்டுத் தெளிய வேண்டும்.

வாடகையும் வழிச்செலவும்

புதிதாக வீடு தேடுவோர் பலர் வாடகையை மட்டும் பார்க்கின்றனர். சற்றுத் தொலைவில், 1,000 ரூபாய் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே குடிபோனால் வேலைக்குச் செல்லும் இருவரும் கூடுதலாக ஒரு பஸ் ஏற வேண்டும். ஆளுக்குப் போக வர 20 ரூபாய், இருவருக்கும் 40, மாதத்திற்கு 1,040 ரூபாய். வாடகையில் மிச்சமான ஆயிரமும் போய், கைப்பொருள் நாற்பதும் போகிறது. நாள்தோறும் வழியில் கழியும் நேரம் வேறு. பிள்ளைகளின் பள்ளி தொலைவாகி, மாலையில் அவர்களை அழைத்துவர ஆளில்லாத நிலையும் நேரலாம். எனவே வாடகையையும் வழிச்செலவையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த தொகையே ஒரு வீட்டின் உண்மையான வாடகை.

பெண்மக்களின் நிலையைத் தனியே எண்ண வேண்டும். வீட்டுவேலைக்குச் செல்லும் ஒருவருக்கு ஒரு வீட்டில் மாதம் 2,500 ரூபாய் தருகிறார்கள் என்று கொள்வோம். அவ்வீட்டுக்குச் செல்ல இரண்டு பஸ், திரும்ப இரண்டு பஸ் என்றால் மாதம் 1,040 ரூபாய் பஸ்ஸுக்கே போய்விடும். மிஞ்சுவது 1,460 ரூபாய். "இதற்காகவா இவ்வளவு பாடு?" என்று சலித்து, வேலையையே விட்டுவிடும் சகோதரிகள் உண்டு. இவ்வகையில் குறைவது பணம் மட்டுமன்று. சொந்தமாக ஈட்டும் பெண்ணுக்கு வீட்டில் உள்ள சொல்லுரிமையும் குறைகிறது. ஒரே தெருவில், அல்லது ஒரே பஸ் தடத்தில், இரண்டு மூன்று வீடுகளைப் பிடித்துக்கொள்வதும், கூலி பேசும்போதே வழிச்செலவைத் தனியாகப் பேசிக்கொள்வதும் நல்ல உபாயங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியது நாட்கூலித் தொழிலாளரின் நிலை. விடியுமுன் எழுந்து, காசு கொடுத்து நாற்சந்திக்குச் சென்று நிற்கிறார்கள். ஒன்பது மணிவரை எவரும் அழைக்கவில்லையென்றால் மீண்டும் காசு கொடுத்துத் திரும்புகிறார்கள். அன்று கூலி இல்லை; செலவு மட்டும் உண்டு. நாள்வேலையை முந்திய மாலையே மேஸ்திரியிடம் உறுதி செய்துகொள்ளும் வழக்கம் பரவினால் இவ்வீண்செலவு பெரிதும் குறையும். கையில் தொலைபேசி இல்லாத மேஸ்திரி இந்நாளில் இல்லை.

ஓரணாவுக்காக எழுந்த கிளர்ச்சி

பிரயாணக் கட்டணம் எளியோர் வாழ்வை எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது என்பதற்கு வரலாறே சான்று. 1953-இல் கல்கத்தாவில் டிராம் வண்டியின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரே ஒரு பைசா உயர்த்தப்பட்டபோது நகரமே கொதித்தெழுந்தது. நம் அண்டையிலேயே, 1958-இல் ஆலப்புழை, குட்டநாட்டுப் பகுதிகளில் மாணவர்கள் நடத்திய கிளர்ச்சி இன்றும் 'ஓரணா சமரம்' என்று மலையாள மக்களால் நினைவுகூரப்படுகிறது. படகில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்ற மாணவர்கள் அதுவரை ஓரணா கொடுத்து வந்தனர். நயா பைசாக் கணக்கில் அது 6 பைசா. அதை 10 பைசாவாக உயர்த்த முற்பட்டபோது மாணவர்கள் வீதிக்கு வந்தனர், தடியடியும் பட்டனர். முடிவில் பழைய சலுகையே நிலைத்தது.

நாலு பைசா என்று இன்று நகைக்கலாம். ஆனால், நாளுக்கு இருமுறை, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று பெருக்கிப் பார்த்த தாய்மார் அன்று நகைக்கவில்லை. யாரேனும் ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டும் என்றால் எந்தப் பிள்ளை நின்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலும் பெண்பிள்ளையே.

மாணவர்க்குச் சலுகைக் கட்டணம் என்னும் நெறி கேரளத்தில் வேரூன்றியது. 2012-இல் மாணவர்க்கான குறைந்தபட்ச பஸ் கட்டணம் 1 ரூபாயாயிற்று. 2022-இல் மற்றோர் கட்டணம் உயர்ந்தபோதும் மாணவர் கட்டணம் உயர்த்தப்படவில்லை. இச்சலுகை மாணவர் என்ற முறையில் கிடைப்பது. தாய்மொழி கேட்டுத் தருவதன்று. இங்குள்ள பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் அதே உரிமை உண்டு. ஆயினும், அடையாளச் சீட்டு வாங்காமலும், வாங்கியதைக் காட்டக் கூசியும் முழுக் கட்டணம் கொடுத்துச் செல்லும் பிள்ளைகள் உளர். பெற்றோர் இதைக் கவனித்தல் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். இதனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாக அவ்வரசு கூறியது. கட்டணம் குறைந்தால் வேலைக்கும் படிப்புக்கும் செல்லும் கால்கள் பெருகும் என்பதை இத்தகைய ஏற்பாடுகள் காட்டுகின்றன.

செய்யத்தக்கவை

மலிவு வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது. 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சி அருகே பயணிகள் படகின் மீது மீன்பிடிப் படகு மோதியதில் 11 பேர் மாண்டதை இவ்வூரார் மறக்கவில்லை. நிரம்பிய படகில் முண்டியடித்து ஏறுவதைவிட அடுத்த படகுக்குக் காத்திருப்பதே மேல். ஓடும் பஸ்ஸின் படியில் தொங்குவதும் அவ்வாறே. காலையில் பதினைந்து நிமிடம் முன்னதாகப் புறப்படும் பழக்கம் பணத்தையும் காக்கும், உயிரையும் காக்கும்.

ரயிலில் வேலைக்குச் செல்வோர் சீஸன் டிக்கட்டை நாடுவது நன்று. 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் ரயில் கட்டணங்கள் உயர்ந்தபோது இரு முறையும் சீஸன் டிக்கட் உயர்வுக்கு உட்படவில்லை.

தனி ஒருவரால் இயலாததைக் கூட்டமாகச் செய்யலாம். ஒரே தெருவிலிருந்து ஒரே திசைக்குச் செல்வோர் ஆட்டோவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மாலை நேரப் படகு போதவில்லை என்றால் பத்துப் பேர் கையொப்பமிட்டு மனுக் கொடுக்கலாம். மலையாளம் எழுத அறிந்த நம் பிள்ளைகள் அதற்கு உதவலாம். படகு ஓட வேண்டுமானால் படகில் ஆள் ஏற வேண்டும். ஆளில்லாத தடத்தை எந்தத் துறையும் நெடுநாள் நடத்தாது. 6 ரூபாய்ப் படகை நாம் கைவிட்டு, பின்பு அது நின்றுபோனால், நஷ்டம் நமக்கே.

வரும் மாதம் முதல் தேதியன்று ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ளோர் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் அன்றன்று வழியில் கொடுத்த காசை இரவில் குறித்து வருமாறு அன்பர்களை வேண்டுகிறோம். பஸ் இவ்வளவு, படகு இவ்வளவு, ஆட்டோ இவ்வளவு என்று தனித்தனியே எழுதுக. கல்லூரிக்குச் செல்லும் மகளின் பெயரை முதலில் எழுதுக. மாதம் முடிந்து கூட்டிப் பார்க்கையில் எங்கேனும் குறைத்தாக வேண்டியிருந்தால், அவள் வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளில் தேடுக.